இனி நான் ‘பி’ இல்லை

கல்யாண மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மம்மிக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். திருப்பத்தூரிலிருந்து உன் வருங்கால மாமியார் கூப்பிட்டு, தாலியில் நீ முதல் முடிச்சுப் போட்டதும் அடுத்த இரண்டையும் போட நாத்தனார் முறைக்கு யார் நிற்பார்கள், அந்தப் பெண்ணுக்குப் புடவை எடுக்க வேண்டும், என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டார்களாம். நீ கொஞ்சமும் திணறாமல், “நான் ஒரே பையன் ஆன்ட்டி, எங்க மம்மியே போட்டுடுவாங்க” என்றாயாம். அதையே எனக்கும் சொன்னாய். “நீயே போட்டுடு மம்மி. இதுல இன்னா இருக்கு?” இதில் என்ன இருக்கிறது என்றுதான் எழுதுகிறேன். நீளமாகத்தான் எழுதுவேன். வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காக வருஷக்கணக்கில் என் வாயை மூடி வைத்திருந்தவள் நான். இந்த ஒரு தடவை குறுக்கே பேசாமல் கேள்.

ஒரே பையன் என்பது பொய்யில்லை. அதுதான் என்னைக் குத்துகிறது. நான் பெற்ற ஆண்பிள்ளை நீ ஒருவன்தான். ஆனால் கேட்கிறவர்கள் அதை ஒரே பிள்ளை என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது இங்கிலீஷ் டீச்சர் மகனுக்குத் தெரியாமலா இருக்கும்? உனக்கு ஒரு தங்கை பிறந்தாள், தேன்மொழி. எட்டு வயது நடக்கும்போது மூளைக்காய்ச்சலில் போனாள். பெங்களூர் மர்பி டவுனில் நம் தெருவுக்கே தெரிந்த இந்த விஷயம், நீ கட்டிக்கொள்ளப் போகிற பவானிக்குத் தெரியாது. பெண் பார்க்கப் போன இடத்தில் அவள் மாமா உன் குடும்பத்தைப் பற்றிக் கேட்க, நீ ‘ஒன்லி சன்’ என்றபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன். உன் அப்பா மட்டும் எழுந்து, காற்று வாங்குவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நீ இப்போது வைட்ஃபீல்டில் ஏசி போட்ட அறையில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் ஏ, ஒருவர் பி என்று பிரித்து, இங்கிலீஷ் பேசப் பழக்குகிறாய். அந்த ஏ-யும் பி-யும் நம் வீட்டுக்குள் வந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அதுவரைக்கும் நான் பழைய மாடல் டீச்சர். ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ், கன்னடப் பிள்ளைகளுக்காகக் கன்னடத்தில் ஒரு வரி. ‘ஐ கோ, யூ கோ, ஹி கோஸ்’ என்று வகுப்பே சேர்ந்து பஜனை பாடும். அப்போதுதான் பள்ளியிலிருந்து என்னை ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அம்மா வந்து எங்கள் எல்லாரையும் உலுக்கி எடுத்தார். மொழிபெயர்க்கக் கூடாது, வகுப்புக்குள் தாய்மொழி வாசனையே வரக்கூடாது. இலக்கணத்தை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், பிள்ளைகள் வாழ்க்கையில் பேசுவதையே இங்கிலீஷில் பேசட்டும். நீங்கள் குறுக்கே விழாதீர்கள், ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொள்ளட்டும் என்றார். அந்த முறையை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். ஆளைப் பார்த்தாலே அழுகிற பிள்ளைகள்கூடப் பேசின. தையல்காரர் மகள் கண்டக்டராக நின்று ‘டிக்கெட், டிக்கெட்’ என்று என்னையே அதட்டினாள்.

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அது மாதிரி நான் அந்த முறையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தேன். வாசற்படி தாண்டினால் இங்கிலீஷ் மட்டும்தான். பீன்யா ஃபேக்டரியில் லேத் ஓட்டிவிட்டு வருகிற உன் அப்பா சோறு வேண்டுமென்றாலும் ‘ரைஸ் ப்ளீஸ்’ என்று கேட்க வேண்டும். “அப்போ நான் வூட்டுக்குள்ள ஊமையா இருக்கணுமா?” என்றார். ஆமாம் என்றேன். எனக்குக் கடுப்பேற்றுவதற்காகவே கொஞ்ச நாள் கையால் சைகை காட்டிச் சாப்பிட்டார். நீயும் தேனுவும் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

தேனு உன்னைவிடப் பதினோரு மாதம் சின்னவள். நீ பள்ளிக்கூடம் போகிறாய் என்று அவள் தரையில் புரண்டு அழுததில், வயதைக் கூட்டிச் சொல்லி உன் வகுப்பிலேயே சேர்த்துவிட்டேன். ஒரே பெஞ்சு. நீ ஏ, அவள் பி. பி-தான் வேண்டும் என்று சண்டை போடுவாள், ஏ கேள்வி மட்டும்தான் கேட்கும், பி-க்குத்தான் பேசக் கிடைக்கும் என்பாள். எந்த இங்கிலீஷ் வார்த்தையையும் அப்படியே விடமாட்டாள், கடைசியில் ஒரு ‘உ’ ஒட்டியாக வேண்டும். யெஸ்ஸு, புக்கு, பிரதரு. நீ, “நாட் பிரதரு, பிரதர்” என்று தலையில் குட்டுவாய். “எனக்கு பிரதருதான்” என்று தமிழில் சொல்லிவிட்டு ஓடுவாள். தமிழில் பேசினாளே என்று நான் முறைப்பேன்.

அவளுக்குக் காய்ச்சல் முற்றியதும் உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எல்லாம் முடிந்தபின் உன் அப்பாவை அங்கே விட்டு நான் மட்டும் முதலில் வந்தேன், உன்னிடம் சொல்ல. நீ அந்த வீட்டு வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்தாய். உன் எதிரே குந்தினேன். ‘தங்கச்சி’ என்று தமிழில் ஆரம்பித்தால் தெருவே கூடும்படி கத்திவிடுவேன் என்று பயமாக இருந்தது. இங்கிலீஷ் என்றால் அழாமல் சொல்லிவிடலாம். “ஷி இஸ் நோ மோர்” என்றேன். பேப்பரில் போடுகிற மரியாதையான வார்த்தை, பெரியவர்களுக்குப் புரிகிற வார்த்தை. உனக்குத் தெரிந்த ‘நோ மோர்’ வேறு. நோ மோர் மில்க், நோ மோர் ஹோம்வொர்க். நீ என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாய், “நோ மோர் ஃபீவர், மம்மி?”

நான் எஸ் என்றேன். டேய், அதுவும் பொய்யில்லை பார், காய்ச்சல் விட்டுத்தான் போயிருந்தது. நீ சிரித்துவிட்டு மறுபடி ஆடப் போனாய். சின்னப் பிள்ளை எதையும் பார்க்க வேண்டாம் என்று அன்றைக்கே உன்னைத் தங்கவயலில் என் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். காரியமெல்லாம் முடிந்து நீ திரும்பி வந்தபோது, அக்கா உன்னிடம் பக்குவமாகச் சொல்லியிருப்பாள் என்று நான் இருந்தேன். நான் முன்பே சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன் என்று அவள் இருந்திருக்கிறாள். நீ யாரையும் கேட்கவில்லை. தேனு துணி வைக்கிற அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாய். நான் அடுப்பங்கரையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வகுப்பில் ‘மை ஃபேமிலி’ பாடம். தள்ளிப் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. வேலையில் மூழ்கினால் போதும் என்று இருந்த நேரம். உன் பக்கத்தில் மஞ்சுநாத்தை உட்கார வைத்தேன், சூதுவாது தெரியாத பையன். அவன் ஏ. “ஹேவ் யூ காட் எனி பிரதர்ஸ் ஆர் சிஸ்டர்ஸ்?” என்று கேட்டான். நீ நிமிர்ந்து உட்கார்ந்து வகுப்புக்கே கேட்கும்படி, “எஸ். ஐ ஹேவ் ஒன் சிஸ்டர்” என்றாய். மஞ்சுநாத் கையைத் தூக்கினான். “மிஸ், ராங் மிஸ். ‘ஹேட்’ மிஸ். ஐ ஹேட் ஒன் சிஸ்டர்.” அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஒருவர் தப்பை ஒருவர் திருத்த வேண்டும் என்று பழக்கியது நான். ஹேவுக்கும் ஹேடுக்கும் வித்தியாசம் நடத்தியதும் நான். தேனு இறந்தது அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, உன்னைத் தவிர.

நீ அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாய். எது சரி என்று டீச்சரிடம் கேட்கிற பார்வைதான், வேறொன்றும் இல்லை. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எதையும் எழுதவில்லை, எதையும் சொல்லவில்லை. அந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டதை நான் நின்று பார்த்தேன். பிறகு நீயாகவே, “நோ மிஸ். ஐ ஆம் தி ஒன்லி சன்” என்றாய். ஹேவும் வேண்டாம், ஹேடும் வேண்டாம் என்று அந்த வயதில் ஒரு வழியைக் கண்டுபிடித்தாய். பழக்க தோஷத்தில் என் வாய் ‘வெரி குட்’ என்றது. மஞ்சுநாத் அடுத்த கேள்விக்குப் போனான்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அது ஆரம்பித்தது. சாயங்காலம் பாடம் படிக்க உட்கார்ந்தால் ஏ-யின் வரியைச் சத்தமாகப் படிப்பாய். பிறகு நிறுத்துவாய். பி பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்துக் காத்திருப்பாய். பிறகு அடுத்த ஏ. அடுப்பங்கரையில் நின்று அந்த மௌனத்தைக் கேட்க என்னால் ஆகவில்லை. ஒருநாள் கரண்டியும் கையுமாக நின்றபடியே பி-யின் வரியை நான் சொன்னேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த கேள்வியைக் கேட்டாய். மறுநாளும் சொன்னேன், அதற்கு மறுநாளும். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் என் வாயிலிருந்து, “யெஸ்ஸு, ஐ ஹேவ் ஒன் பிரதரு” என்று வந்தது. நான் அப்படிப் பேசுகிறவளா? உச்சரிப்புக்காகக் காலேஜில் பரிசு வாங்கினவள். அவளைப் போலப் பேச வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, தானாக வந்தது. நீ தலையைக்கூட நிமிர்த்தாமல் “நாட் பிரதரு, பிரதர்” என்றாய்.

உன் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். உள்ளே வந்தவர் முகத்தில் ரத்தமே இல்லை. “யாரு பேசினது?” என்றார். நான்தான் என்றேன். பின்பக்கம் போய் முகம் கழுவினார். திட்டப் போகிறார், இதோடு நிறுத்து என்று சொல்லப் போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றேன். துண்டால் முகத்தை மூடியபடியே, “இன்னொரு வாட்டி சொல்லேன்” என்றார். அதற்கப்புறம் அந்த மனுஷன் ஓவர்டைமே பார்க்கவில்லை. உன் பாட நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார், ஓரமாக உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பார். பேய் இருக்கிற வீடு என்றால் ஜனங்கள் என்னென்னவோ சொல்வார்கள். நம் வீட்டில் அது தினம் ஒழுங்காகப் பாடம் படித்தது. நாம் மூன்று பேரும் சேர்ந்து அவளை இங்கிலீஷில் மட்டும் வீட்டுக்குள் நடமாட விட்டோம். தமிழில் ஒருவரும் அவள் பெயரை எடுக்கவில்லை.

உன் குரல் உடைந்த வருஷம் நீயாக நிறுத்தினாய். மனதுக்குள்ளேயே படிக்க ஆரம்பித்தாய். எனக்குத்தான் நிற்கவில்லை. வருஷாவருஷம் ‘மை ஃபேமிலி’ பாடம் வரும், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பேன், அத்தனை ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசுகிற இரைச்சலில் எங்கிருந்தாவது ‘பிரதரு’ என்று கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரோ ஒரு பிள்ளை. ரிட்டயராகி இத்தனை நாள் ஆகியும், பாத்திரம் கழுவும்போது யாரோ என்னிடம் எதையோ கேட்ட மாதிரி இருக்கும், நான் ‘யெஸ்ஸு’ என்பேன். உன் அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. கேட்காதவர்போல டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் தெருக் குழாயடியில் பெண்கள் பேசுவதை நீ கேட்டிருக்க மாட்டாய். தமிழ் ஒட்டிக்கொள்ளும் என்று உன்னை அங்கே நிற்க விடமாட்டேன். புதிதாகக் குடிவந்தவள், “எத்தினி பசங்க?” என்று கேட்பாள். கேட்கப்பட்டவள் குடத்தைப் பிடித்தபடியே, “பெத்தது மூணு, தங்கினது ரெண்டு” என்பாள். “அய்யோ, இன்னா ஆச்சு?” என்பாள் அவள். இவள் சொல்வாள், சொல்லி முடிப்பதற்குள் குடம் நிரம்பிவிடும், தூக்கிக்கொண்டு போவார்கள். ஹேவா ஹேடா என்று அங்கே யாரும் கை தூக்குவதில்லை. அப்படி ஒரு வரி இங்கிலீஷிலும் இருக்கலாம், என் பாடத்தில் இல்லை. கடையில் பேச வரி வைத்திருந்தேன், பஸ்ஸில் பேச வைத்திருந்தேன், டாக்டரிடம் பேச வைத்திருந்தேன். வாழ்க்கையில் பேசுவதையே பேச வையுங்கள் என்று பயிற்சியில் அந்த அம்மா சொன்னபோது, எனக்கு வாழ்க்கை என்றால் தக்காளி வாங்குவது என்றுதான் பட்டது. செத்துப்போன தங்கையைப் பற்றி ஒரு பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரவே இல்லை. அந்தக் குழாயடி வரி உனக்குத் தெரிந்திருந்தால் மஞ்சுநாத்தால் அதைத் திருத்தியிருக்க முடியாது.

நீ நல்ல வாத்தியார் என்று எனக்குத் தெரியும். வகுப்புக்கு ஒற்றைப்படையாக ஆள் வந்தால், மிஞ்சுகிற ஒருவரைத் தனியாக விடவே மாட்டேன், மூன்று பேராக உட்கார வைப்பேன் என்று ஒருமுறை சொன்னாய். நானே போய் ஜோடியாக உட்காரவும் மாட்டேன், வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்குச் சரிப்படாது என்றாய். நான் ஏன் என்று கேட்கவில்லை. அப்புறம் என்னை மட்டும் ஏன்டா மறுபடி அந்த இடத்தில் உட்காரச் சொல்கிறாய்? தேனுவின் வரிகளை நான் பேசியது போதும், அவள் போட வேண்டிய முடிச்சையும் நான் போட மாட்டேன். உன் பொண்டாட்டி பின்னால் நான் நின்று மஞ்சள் கயிற்றைத் தொட்டால், உன் அப்பா மண்டபத்தில் என்ன நினைப்பார் என்று யோசித்தாயா? மகள் வந்துவிட்டாள் என்று நினைப்பார். நானும் நினைப்பேன். அதற்கப்புறம் எந்தக் குரலில் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. வாயாலும் கையாலும் வேறொருத்தியாகிவிட்டால் நான் எங்கே போவேன்? பயமாக இருக்கிறது எனக்கு, நிஜமாகவே பயமாக இருக்கிறது.

மூன்று முடிச்சையும் நீயே போடு, அதுவும் வழக்கம்தான். இல்லை, பவானி யாரைச் சொல்கிறாளோ அவர்கள் போடட்டும். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடு. கட்டிக்கொள்ளப் போகிறவளுக்குப் பாதி சரியான பதில் சொல்லாதே, அதை நான் செய்து பார்த்துவிட்டேன். நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு நெற்றி சுடும். எல்லாப் பிள்ளைகளுக்கும் சுடுவதுதான், அவள் சாதாரணமாக ஈரத்துணி போட்டுக்கொண்டிருப்பாள். நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடப் பார்ப்பாய். இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? உன் பிள்ளை உன்னிடம் அத்தை உண்டா என்று கேட்கும். அதற்கும் ஒன்லி சன் என்பாயா?

இவ்வளவையும் வேண்டுமென்றேதான் தமிழில் எழுதியிருக்கிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், ஒரு எழுத்துகூடப் படிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழி கன்னடம், வீட்டில் இங்கிலீஷ் என்று அப்படி வளர்த்தவள் நான்தான். கவரைக் கொடுக்கும்போது, தமிழ் மீடியத்தில் படித்த பொண்ணு இருக்கிறாளே, அவளைப் படித்துக் காட்டச் சொல் என்று சொல்லித்தான் கொடுப்பேன். ஆக, முதல் வரியிலிருந்து நீ கேட்டுக்கொண்டிருப்பது பவானியின் குரல். இது அடாவடி என்பாய். ஆமாம், அடாவடிதான். நீயாகச் சொல்வாய் என்று நிச்சயம் செய்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பவானி, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் வாயாலேயே இதையெல்லாம் சொல்ல வைத்துவிட்டேன். அத்தையை மன்னித்துக்கொள் தாயி. நீ படிக்க வேண்டியது இத்துடன் முடிந்தது, கீழே என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. காகிதத்தை வைத்துவிட்டு அவனைப் பார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முழிப்பான். அவசரப்படுத்தாதே, நீயாக எதையும் எடுத்துக் கொடுக்காதே. எவ்வளவு நேரம் ஆனாலும் அவனே சொல்லட்டும்.

தேன்மொழியையும் உன்னையும் பெற்றவள்